கூடாரம் போட 8 டாலர் புக்கிங் கட்டணம்... அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

பிப்ரவரி 15, இந்திய நேரம் இரவு 8.30 மணி. நம் வீடுகளில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரம் அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 7 மணி. அங்கே ஏராளமானோர் லேப்டாப்பையும் செல்போனையும் திறந்துவைத்துக்கொண்டு ஒரே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரை கூடாரம் போட்டுத் தங்குவதற்கான முன்பதிவு அந்த நொடியில்தான் திறக்கிறது. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை, அதிலும் சனி, ஞாயிறு என்றால் சில நிமிடங்கள்தான். எல்லாம் தீர்ந்துவிடும்.

தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய நமக்கு இந்தப் படபடப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால், இது ஏன் நம் கவலை என்று கேட்கலாம். மகனோ, மகளோ அமெரிக்காவில் இருக்கிற வீடுகள் இன்று நம் தெருவுக்குத் தெரு உண்டு. கோடையில் அப்பா, அம்மாவை வரவழைத்து ஊர் சுற்றிக் காட்டுவது அங்கே வழக்கம். அந்தச் சுற்றலில் இப்போது 'கேம்பிங்'கும் சேர்ந்துவிட்டது. "ஆறு மாசம் முன்னாடியே புக் பண்ணணும்மா, டிக்கெட்டை சீக்கிரம் போடுங்க" என்று மகள் அவசரப்படுத்தினால், அதற்குக் காரணம் இந்தக் காலை 7 மணிப் போட்டிதான்.

ஒரு துண்டு நிலம், ஒரு மேஜை, ஒரு இரும்புப் பெட்டி

கேம்ப்கிரவுண்ட் என்றால் ரிசார்ட் என்று நினைத்துவிட வேண்டாம். காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே நம்பர் போட்டுப் பிரித்த துண்டு நிலங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் 'சைட்'. அதில் கார் நிறுத்த இடம், மரமேஜை ஒன்று, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம். கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் நாம்தான் கொண்டு போக வேண்டும். கழிப்பறை பொதுவானது. யோசெமிட்டியில் கூடுதலாக ஒரு கனமான இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாட்டுப் பொருட்களை அதில் வைத்துப் பூட்ட வேண்டும், கரடி வரும் என்பதால். ஊறுகாய் பாட்டிலும் அதற்குள்தான்.

அங்கே அப்பர் பைன்ஸ் என்ற இடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சைட்கள் உள்ளன. ஒரு இரவுக்கு 36 டாலர். பக்கத்து விடுதி அறை வாடகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம். ஒரு சைட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது, குழந்தைகளையும் சேர்த்துத்தான் ஆறு. தாத்தா, பாட்டி, நண்பர் குடும்பம் என்று நம்மவர்கள் கிளம்பினால் இரண்டு சைட் தேவைப்படும். அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஒரே கடை

இந்த முன்பதிவுகள் நடக்கும் இடம் 'ரெக்ரியேஷன் டாட் கவ்' என்ற அரசு இணையதளம். தேசியப் பூங்காத் துறை, வனத்துறை, ராணுவப் பொறியாளர் பிரிவு, நில மேலாண்மைத் துறை என்று மத்திய அரசின் பத்துக்கும் மேற்பட்ட துறைகள் தங்கள் இடங்களை இங்கேதான் விற்கின்றன. மாநில அரசுப் பூங்காக்களுக்குத் தனித்தனித் தளங்கள் உண்டு.

எப்போது திறக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். வனத்துறை கேம்ப்கிரவுண்ட்கள் பலவற்றில் ஆறு மாதத்துக்கு முன்னால், தினம் ஒரு நாளாகத் திறந்துகொண்டே வரும். இன்று காலை திறப்பது, ஆறு மாதம் கழித்து வரும் இதே தேதி. யோசெமிட்டியில் ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாக 15-ம் தேதி திறக்கும்.

தினம் ஒரு நாளாகத் திறக்கும் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்றாலும் திங்கட்கிழமையிலிருந்தே தங்குவதாகப் புக் செய்தால், வெள்ளிக்காகக் காத்திருப்பவருக்கு முன்னால் நீங்கள் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம். பிறகு திங்கள் முதல் வியாழன் வரை ரத்து செய்துவிட்டால் முடிந்தது. இதைத் தடுக்கத்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இப்படி முன்கூட்டிப் பிடித்த தேதிகளை, புக் செய்த நாளிலிருந்து 18 நாட்களுக்கு மாற்ற முடியாது. நம் ஆட்களாக இருந்தால் 19-வது நாள் அலாரம் வைப்பார்கள். அங்கேயும் வைக்கிறார்களாம்!

8 டாலர் எதற்கு?

இனி பில்லைப் பார்ப்போம். வனத்துறை சைட் ஒன்றின் வாடகை இரவுக்கு 26 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுக்கு 52. அதன் மேல் முன்பதிவுக் கட்டணம் 8 டாலர், மொத்தம் 60. போன் செய்து ஆள் மூலம் பதிவு செய்தால் 8 என்பது 9 ஆகும். தேசியப் பூங்காக்கள் பலவற்றில் இந்தக் கட்டணம் தனி வரியாகக் கண்ணில் படாது, வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

அந்த 52 டாலருக்கு ஒரு நியாயம் உண்டு. 2004-ல் வந்த சட்டப்படி, இப்படி வசூலாகும் பயன்பாட்டுக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவிகிதம் பொதுவாக அந்த இடத்திலேயே செலவிடப்பட வேண்டும். கழிப்பறை சுத்தம், பாதை பராமரிப்பு, உடைந்த மேஜை என்று அது காட்டுக்கே திரும்பிவிடும்.

முன்பதிவுக் கட்டணமான 8 டாலரின் கதை வேறு. முகவரியில் அரசு என்று இருந்தாலும், இந்தத் தளத்தைக் கட்டி நடத்துவது பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற தனியார் நிறுவனம். பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? அமெரிக்க உளவுத்துறை ரகசியங்களை 2013-ல் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன், அப்போது வேலை பார்த்தது இந்த நிறுவனத்தில்தான். ராணுவ, உளவுத்துறை ஆலோசனைக்குப் பெயர் போன கம்பெனி, காட்டில் கூடாரம் போட டோக்கன் கொடுக்கிறது!

2017-ல் இந்த ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. 2018 அக்டோபரில் புதிய தளம் வந்தது. தளத்தை உருவாக்க அரசு முன்பணம் தரவில்லை. அதற்குப் பதில், நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நிறுவனத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத் தொகை உண்டு. கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது அரசுத் துறைகள். ஆனால் அதிலிருந்து நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகிறது. அதாவது ஒருவர் புக் செய்தாலும் வருமானம், ரத்து செய்தாலும் வருமானம்.

பத்தாண்டுகளுக்குச் சுமார் 18.2 கோடி டாலர், முதல் ஐந்தாண்டுகளுக்கு 8.7 கோடி டாலர் என்பது தொடக்கத்தில் போட்ட கணக்கு. ஆனால் 2018 அக்டோபரிலிருந்து 2022 நவம்பருக்குள்ளேயே நிறுவனம் அரசுக்கு அனுப்பிய பில் 14 கோடி டாலரைத் தாண்டிவிட்டதாக 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 2023-ல் எழுதியது. கொரோனா காலத்தில் வெளிநாட்டுப் பயணம் நின்றுபோக, அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குக் கிளம்பியதும் இதற்கு ஒரு காரணம்.

நம் ஐ.ஆர்.சி.டி.சி-யும் ஆன்லைன் டிக்கெட்டுக்குக் கட்டணம் வாங்கத்தானே செய்கிறது? ஏ.சி இல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏ.சி-க்கு 30 ரூபாய், ஜி.எஸ்.டி தனி, யு.பி.ஐ என்றால் கொஞ்சம் குறைவு. ஆனால் அது பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருக்கும் நிறுவனம். அங்கே பலர் கேட்பது இதைத்தான்: பொதுமக்களுக்குச் சொந்தமான காட்டுக்குள் போக நான் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்கு, ஏன் ஒரு கம்பெனியின் கல்லாவுக்குப் போக வேண்டும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. இணையதளமும் கால் சென்டரும் சும்மா நடக்காது. முன்பதிவே இல்லாத இடங்களில் விடியற்காலையிலேயே கேட் வாசலில் கார்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். இடம் இல்லை என்றால் பிள்ளைகளோடு திரும்பிப் போக வேண்டும். நூறு மைல் காரோட்டி வருபவருக்கு 8 டாலர் கொடுத்து இடத்தை உறுதி செய்துகொள்வது லாபம்தான். என்னைக் கேட்டால், கூடாரத்துக்கான அந்த 8 டாலரைவிட உறுத்துவது வேறொன்று.

தோற்றாலும் கட்டணம்

அரிசோனா, யூட்டா எல்லையில் 'தி வேவ்' என்று ஒரு பாறை இருக்கிறது. அலை உறைந்து நின்றதுபோன்ற சிவப்புப் பாறை, செல்போன் வால்பேப்பரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பாறை தேய்ந்துவிடும் என்பதால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 64 பேருக்குத்தான் அனுமதி. அதற்குக் குலுக்கல். விண்ணப்பிக்க 9 டாலர். பெயர் விழுந்தால் ஆளுக்கு 7 டாலர் தனியாகக் கட்டலாம். விழவில்லை என்றால் அந்த 9 டாலர் போனது போனதுதான்.

யோசெமிட்டியில் ஹாஃப் டோம் மலை உச்சிக்குப் போகும் குலுக்கலுக்கு 10 டாலர், ஜயான் பூங்காவில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் குலுக்கலுக்கு 6 டாலர். கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் குலுக்கல் வைப்பதில் தவறில்லை. ஆனால் போட்டி கூடக் கூட, எதுவும் கிடைக்காமல் பணம் கட்டுபவர்கள் பெருகுகிறார்கள், வசூலும் பெருகுகிறது. 16 குழுக்களுக்கு இடம் இருக்கும் நாளுக்கு 160 குழுக்கள் விண்ணப்பித்தால், குலுக்கல் கட்டணம் மட்டும் 1,440 டாலர். அதில் 1,296 டாலர் தோற்ற 144 குழுக்கள் கொடுத்தது. இடம் கிடைக்காதவரின் பணத்தைப் பிடித்துக்கொள்வதை எப்படி நியாயப்படுத்த முடியும் என்று தெரியவில்லை.

இந்தக் கட்டணங்களில் ஒன்று கோர்ட்டுக்கும் போனது. லாஸ் வேகஸ் அருகே ரெட் ராக் கேன்யனில் காரில் சுற்றிவர, நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். நுழைவுக் கட்டணம் போக, அந்த முன்பதிவுக்கு 2 டாலர். நெவாடாவைச் சேர்ந்த ஒருவர் இந்த 2 டாலரை எதிர்த்து வழக்குப் போட்டார். பொதுமக்களுக்கு அறிவித்துக் கருத்துக் கேட்காமல் இந்தக் கட்டணத்தை விதித்தது 2004-ம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானது என்று 2022 மார்ச்சில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2 டாலர் என்பது ஒரு காபி விலைகூட இல்லை. அதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியவரை நினைத்தால் நம் நுகர்வோர் நீதிமன்றத்து அண்ணாச்சிகள் ஞாபகம் வருகிறார்கள்.

'ஃபுல்' என்று காட்டும், இடம் காலியாக இருக்கும்

புக் செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் என்ன ஆகும்? மேலே சொன்ன 60 டாலர் பில்லையே எடுத்துக்கொள்வோம்.

சில நாட்களுக்கு முன்பே ரத்து செய்தால் 10 டாலர் பிடித்தம். ஏற்கெனவே கட்டிய 8 டாலரும் திரும்பாது. ஆக 42 டாலர் கைக்கு வரும். போக வேண்டிய நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ ரத்து செய்தால், இவற்றோடு முதல் இரவு வாடகையும் போய்விடும். திரும்பி வருவது 16 டாலர். சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் இருந்துவிட்டால் பிடித்தம் 20 டாலர், முதல் இரவு வாடகையும் கிடையாது. மிஞ்சுவது 6 டாலர்.

காட்டுத்தீ, வெள்ளம் என்று நிர்வாகமே கேம்ப்கிரவுண்டை மூடிவிட்டால் முழுப் பணமும் திரும்பும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இது முக்கியமான தகவல்.

கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடுகிறது என்பதால், பலர் ரத்து செய்யும் சிரமத்தையே எடுத்துக்கொள்வதில்லை. விளைவு, இணையதளத்தில் 'ஃபுல்' என்று இருக்கும், நேரில் போனால் சில சைட்கள் ஆளில்லாமல் கிடக்கும். அந்த ஒரு இடத்துக்காக ஐந்து மாதம் முன்பு அலாரம் வைத்துத் தோற்ற குடும்பம் எங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

முறையாக ரத்தாகும் இடங்களைப் பிடித்துக் கொடுப்பது இன்னொரு வியாபாரமாகிவிட்டது. 'கேம்ப்நாப்', 'கேம்ப்ஃப்ளேர்' போன்ற சேவைகள் முன்பதிவுத் தளத்தைத் தொடர்ந்து கவனித்து, நீங்கள் கேட்ட தேதியில் இடம் விழுந்ததும் செல்போனுக்குச் செய்தி அனுப்பும். அவை உங்களுக்காகப் புக் செய்வதில்லை, தகவல் மட்டும்தான். செய்தியைப் பார்த்து ஓடிப்போய்ப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை?

வேகமான இணையம், காலை 7 மணிக்குத் திரை முன் உட்காரும் வசதி, ஆறு மாதம் கழித்து லீவு கிடைக்கும் என்று இன்றே சொல்லக்கூடிய வேலை. இந்த மூன்றும் இருப்பவர்களுக்குத்தான் இந்த முறை கைகொடுக்கிறது. உணவகத்தில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அடுத்த வார விடுமுறையே இந்த வாரம்தான் தெரியும்.

இது வெறும் ஊகம் இல்லை. மொன்டானா பல்கலைக்கழகத்தின் வில் ரைஸ் தலைமையில் 2022-ல் ஒரு ஆய்வு வெளியானது. முன்பதிவு சைட்களும், முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்ற சைட்களும் சேர்ந்திருக்கும் ஐந்து தேசியப் பூங்காக் கேம்ப்கிரவுண்ட்களை எடுத்துக்கொண்டு, செல்போன் இருப்பிடத் தகவல்களை வைத்து யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்பதிவு சைட்களுக்கு வந்தவர்கள் அதிக வருமானமுள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். ஒரே பூங்கா, ஒரே மரங்கள். ஆனால் இடத்தைப் பிடிக்கும் வழி மாறியதும் ஆட்களும் மாறிவிடுகிறார்கள்.

கனடாவில் இந்தப் பிரச்னையின் ஒரு பகுதிக்கு வேறு விதமாக வழி கண்டிருக்கிறார்கள். டொரான்டோவில் இருக்கும் நம் ஈழத்தமிழ் உறவுகளைக் கேட்டால் தெரியும். அங்கே மத்தியப் பூங்காத் துறையின் முன்பதிவு நாளில், குறித்த நேரத்துக்கு முன் தளத்துக்கு வந்த எல்லோரையும் ஒரு மெய்நிகர் காத்திருப்பு அறையில் உட்காரவைத்து, நேரம் ஆனதும் சீட்டுக் குலுக்கியதுபோல் வரிசை எண் கொடுப்பார்கள். யார் விரல் வேகம் என்பது அங்கே செல்லாது. ஆனால் அன்று காலை வேலைக்குப் போக வேண்டியவருக்கு அங்கேயும் சிரமம்தான். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் பழைய முறையேதான்: ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணி.

அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறவர்களுக்கு

புக் செய்தவர் நேரில் இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. யோசெமிட்டியில் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள். "எனக்கு ஆபீஸ் வேலை, நீங்கள் மாமா குடும்பத்தோடு போய்வாருங்கள்" என்று மகன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டால், அவர் பெயரில் இருக்கும் சைட் மற்றவர்களுக்குக் கிடைக்காமல் போகலாம். புக் செய்யும்போதே இன்னொருவர் பெயரையும் சேர்க்க இடம் இருந்தால் சேர்த்துவிடுவது நல்லது. இடத்தை வேறு ஒருவருக்கு விற்கவும் கூடாது. சமூக வலைதளங்களில் 'என் புக்கிங்கைத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

62 வயது நிறைந்தவர்களுக்கு 'சீனியர் பாஸ்' இருக்கிறது. ஆண்டுக்கு 20 டாலர், ஆயுளுக்கும் என்றால் 80 டாலர். பல கேம்ப்கிரவுண்ட்களில் வாடகை பாதியாகிவிடும், முன்பதிவுக் கட்டணம் மட்டும் குறையாது. ஆனால் இது அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் போகும் அப்பாவுக்கு 70 வயதானாலும் கிடையாது.

2026 ஜனவரி முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். அந்தப் பாஸ் இல்லாமல் யோசெமிட்டி, யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களுக்குப் போகும் வெளிநாட்டவர், 16 வயது முதல் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். 36 டாலர் சைட்டைப் போராடிப் பிடித்த பிறகு, கேட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 200 டாலர் கேட்டால் பகீர் என்றிருக்கும். கிளம்பும் முன்பே எந்தப் பாஸ் எடுத்தால் லாபம் என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஜூலையிலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் பள்ளி திறந்த பிறகு, செப்டம்பர் கடைசியில், செவ்வாய் புதன் பார்த்துத் தேடலாம். பேரப்பிள்ளைகள் இல்லாத பயணத்துக்கு அதுவே வசதி. எதுவுமே கிடைக்கவில்லையா? தேசியப் பூங்காக்களை ஒட்டியிருக்கும் வனத்துறைக் காடுகளில், கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே கூடாரம் போட்டுக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி உண்டு. வாடகை கிடையாது, முன்பதிவு கிடையாது, பெரும்பாலும் 14 நாள் வரை தங்கலாம். தண்ணீரும் கழிப்பறையும்கூடக் கிடையாது. பாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.